எச்டிஎல் விவகாரம்: ஒரே மரபணு மாறுபாடு பல பண்புகளைத் தொடும்போது கணக்கை எப்படிப் போடுவது

நல்ல கொழுப்பு என்று எல்லோரும் சொல்லும் எச்டிஎல் கொலஸ்ட்ராலை மாத்திரை கொடுத்து ஏற்றினால் மாரடைப்பு குறையுமா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடி நடந்த ஆறு பெரிய மருந்துச் சோதனைகளில் பங்கேற்றவர்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. கிடைத்த பதில் ஏறக்குறைய "குறையாது" என்பதுதான். அந்தச் சோதனைகளில் கடைசி மூன்றின் முடிவுகள் வெளிவருவதற்கு முன்பே, 2012இல், மரபணுத் தரவு அதே பதிலைச் சொல்லிவிட்டது. அதை எந்தக் கணக்கு சொன்னது, எவ்வளவு உறுதியாகச் சொன்னது, எந்த இடத்தில் சொல்ல முடியாமல் நின்றது என்பதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறேன். ஒரு மரபணு மாறுபாடு ஒரே நேரத்தில் பல பண்புகளோடு தொடர்பு காட்டும்போது என்ன செய்வது என்று யோசிக்கிற யாருக்கும் இதைவிட நல்ல பாடம் கிடையாது என்பது என் எண்ணம்.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது

1948இல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் தொடங்கிய இதய நோய் ஆய்விலிருந்து 1977இல் ஒரு முடிவு வந்தது: எச்டிஎல் அதிகம் உள்ளவர்களுக்கு இதய நோய் குறைவாக வருகிறது. அப்புறம் எத்தனையோ நாடுகளில் எத்தனையோ பேரைத் தொடர்ந்து பார்த்தும் அதேதான் வந்தது. உயிரியல் விளக்கமும் கைவசம் இருந்தது. ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கொலஸ்ட்ராலை எச்டிஎல் துகள் எடுத்துக்கொண்டு கல்லீரலுக்குக் கொண்டுபோகிறது, அதனால் அது அதிகம் இருந்தால் நல்லது என்று. கேட்கும்போது எவ்வளவு கச்சிதமாக இருக்கிறது!

சிக்கல் என்னவென்றால், எச்டிஎல் குறைவாக உள்ளவர்களிடம் பொதுவாக டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு அதிகம், உடல் எடை அதிகம், சர்க்கரை நோய் அதிகம், புகைப்பழக்கம் அதிகம், உடற்பயிற்சி குறைவு. இவற்றையெல்லாம் ரிக்ரஷனில், அதாவது பல காரணிகளின் பங்கைப் பிரித்துக் கணிக்கும் கணக்கில், சேர்த்துச் சரிக்கட்டிவிட்டோம் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். ஆனால் டிரைகிளிசரைடு சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின், இன்றைக்கு, நாளைக்கு என்று ஒரே ஆளிடம் ஏறி இறங்கும். எச்டிஎல் அந்த அளவுக்கு ஆடாது. ஆடுகிற ஒன்றையும் ஆடாத ஒன்றையும் ஒரே ரிக்ரஷனில் போட்டால், ஆடுகிறதன் உண்மையான பங்கில் ஒரு பகுதி ஆடாததன் கணக்கில் ஏறிவிடும். இது மிக முக்கியமான விஷயம், ஏனென்றால் இந்தத் தவறு பங்கேற்பாளர் எண்ணிக்கையை எவ்வளவு கூட்டினாலும் போகாது. பத்து லட்சம் பேரை அளந்தாலும் அதே தவறான எண்தான் இன்னும் குறுகிய நம்பிக்கை இடைவெளியோடு (உண்மை எண் இருக்கக்கூடிய எல்லைகளோடு) வரும்.

மருந்துகளுக்கு என்ன ஆனது

சிஇடிபி என்ற புரதம் எச்டிஎல் துகளிலிருந்து கொலஸ்ட்ராலை மற்றத் துகள்களுக்கு மாற்றுகிறது. அதைத் தடுத்தால் எச்டிஎல் ஏறும். முதலில் வந்தது டோர்செட்ராபிப். 15,067 பேரிடம் நடந்த சோதனையில் எச்டிஎல் 72 சதவீதம் ஏறியது, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 25 சதவீதம் இறங்கியது, ஆனால் மருந்து எடுத்தவர்களிடம் இறப்பு அதிகமானதால் 2006 டிசம்பரில் சோதனையை நிறுத்தினார்கள். இறப்பின் ஆபத்து விகிதம் 1.58, அதாவது மருந்து எடுக்காதவர்களைவிட 58 சதவீதம் அதிகம். அதே மருந்து மேல் ரத்த அழுத்தத்தைச் சராசரியாக 5.4 மி.மீ. பாதரசம் ஏற்றியிருந்தது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து வந்த டால்செட்ராபிப் எச்டிஎல்லை ஏற்றியது, எல்டிஎல்லைத் தொடவே இல்லை எனலாம், பலனும் இல்லை. அது 2012. இவாசெட்ராபிப் எச்டிஎல்லை இரண்டு மடங்குக்கும் மேல் ஏற்றியும் பலன் இல்லாமல் 2015இல் நின்றது. எச்டிஎல்லை ஏற்றும் வைட்டமினான நியாசினை வைத்து நடந்த இரண்டு பெரிய சோதனைகளிலும் அதே கதை. 2017இல் அனாசெட்ராபிப் மட்டும், 30,449 பேரிடம், பெரிய இதய நிகழ்வுகளை 11.8 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமாகக் குறைத்தது, அதாவது ஒப்பீட்டளவில் 9 சதவீதம். இந்த 9 எங்கிருந்து வந்தது என்பதற்கும் திரும்பி வருவேன்.

மரபணுவை ஏன் இழுத்தார்கள்

1986இல் மார்ட்டின் காட்டன் ஒரு சிறிய கடிதத்தில் இந்த யோசனையின் விதையைப் போட்டார். 2003இல் ஜார்ஜ் டேவி ஸ்மித்தும் ஷா இப்ராஹிமும் அதை முறையாக எழுதினார்கள். மெண்டலியன் ரேண்டமைசேஷன் என்பது அதன் பெயர். பெற்றோரின் இரண்டு பிரதிகளில் எது பிள்ளைக்குப் போகிறது என்பது சமவாய்ப்பில் நடக்கிறது. அந்தப் பிள்ளை பிற்காலத்தில் புகைப்பாரா, என்ன சாப்பிடுவார் என்பதைப் பார்த்து எச்டிஎல் மரபணுவின் மாறுபாடு ஒதுக்கப்படுவதில்லை. ஆகவே எச்டிஎல்லைப் பிறவியிலேயே சற்று ஏற்றும் மாறுபாடு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டால், அது ஒரு இயற்கையான மருந்துச் சோதனை போலவே இருக்க வேண்டும்.

மூன்று நிபந்தனைகள் உண்டு. மாறுபாடு அந்தப் பண்பை உண்மையிலேயே மாற்ற வேண்டும். மாறுபாட்டுக்கும் நோய்க்கும் பொதுவான வேறு காரணம், உதாரணமாக மக்கள்தொகைப் பிரிவுகளின் வேறுபாடு, இருக்கக்கூடாது. மூன்றாவது: மாறுபாடு அந்தப் பண்பு வழியாக மட்டுமே நோயைத் தொட வேண்டும். முதல் இரண்டையும் ஓரளவு சோதித்துவிடலாம். கழுத்தைப் பிடிப்பது மூன்றாவதுதான். கொலஸ்ட்ரால் மரபணுக்களில் எச்டிஎல்லை மட்டும் தொடுவது அபூர்வம். பெரும்பாலானவை எல்டிஎல், டிரைகிளிசரைடு, எச்டிஎல் மூன்றில் இரண்டையாவது சேர்த்தே அசைக்கின்றன. இதைத்தான் பிளியோட்ரபி என்கிறோம், பல்பண்பு விளைவு.

இதில் இரண்டு வகையைப் பிரித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் குழம்பிவிடும். மாறுபாடு எல்டிஎல்லை ஏற்றுகிறது, ஏறிய எல்டிஎல் மாரடைப்பைக் கொண்டுவருகிறது என்றால், மாறுபாடு இரண்டு பண்புகளோடும் தொடர்பு காட்டும், ஆனால் பாதை ஒன்றுதான், ஒன்றன் மேல் ஒன்றாகப் போகிறது. இது செங்குத்து வகை. இதில் பிரச்சினை இல்லை, சொல்லப்போனால் நாம் தேடுவதே இதைத்தான். மாறுபாடு எச்டிஎல்லை ஏற்றிவிட்டு, வேறொரு தனிப் பாதையில் டிரைகிளிசரைடையும் இறக்கி, அந்த இறக்கம் மாரடைப்பைக் குறைக்கிறது என்றால் அது கிடைமட்ட வகை. வெறும் பி மதிப்புகளை (தொடர்பு தற்செயலாக வந்திருக்குமா என்று காட்டும் எண்களை) மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. இரண்டிலும் தொடர்பு பளிச்சென்று தெரியும்.

எல்ஐபிஜி: ஒரு மாறுபாட்டைக் கிட்டே போய்ப் பார்த்தால்

எல்ஐபிஜி என்ற மரபணு எண்டோதீலியல் லைபேஸ் என்ற நொதியைத் தருகிறது. அந்த நொதி எச்டிஎல்லை உடைக்கும். அதன் 396ஆவது இடத்தில் அஸ்பராஜினுக்குப் பதில் செரைன் வரும் மாறுபாடு சுமார் 2.6 சதவீத அலைவெண்ணில் இருக்கிறது. அதைச் சுமப்பவர்களுக்கு எச்டிஎல் லிட்டருக்கு 0.14 மில்லிமோல் அதிகம். மிக முக்கியமாக, எல்டிஎல்லும் டிரைகிளிசரைடும் மற்றவர்களுக்கு இருப்பது போலவே இருக்கின்றன. இப்படி எச்டிஎல்லை மட்டும் தனியே தொடுகிற மாறுபாடு கிடைப்பது பெரிய அதிர்ஷ்டம்.

பெஞ்சமின் வோய்ட், சேகர் கதிரேசன் முதலானோர் 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பிடித்துக்கொண்டது. பழைய தொடர்நோக்கு ஆய்வுகளின், அதாவது ஆட்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளின், எண்களை நம்பினால், 0.14 மில்லிமோல் ஏற்றத்துக்கு மாரடைப்பு 13 சதவீதம் குறைய வேண்டும், அதாவது முரண் விகிதம் (நோய் வரும் வாய்ப்பின் ஒப்பீடு, 1 என்றால் வித்தியாசமில்லை) 0.87 ஆக இருக்க வேண்டும். மாரடைப்பு வந்த 20,913 பேரையும் வராத 95,407 பேரையும் வைத்துப் பார்த்ததில் வந்தது 0.99. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 0.88 முதல் 1.11 வரை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எதிர்பார்த்த 0.87 அந்த இடைவெளிக்கு வெளியேதான் இருக்கிறது, ஆனால் எவ்வளவு வெளியே? கீழ் எல்லை 0.88. நூலிழைதான். ஆக இந்த ஒரு மாறுபாடு மட்டும் சொல்வது "பழைய ஆய்வுகள் சொன்ன அளவுக்குப் பலன் இல்லை" என்பதை, அதையும் மயிரிழையில். "எச்டிஎல்லால் துளியும் பலன் இல்லை" என்று இது சொல்லவில்லை. ஐந்து சதவீதம், எட்டு சதவீதம் குறைவு இருந்திருந்தாலும் இந்தத் தரவு அதை மறுக்காது. இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் பலர் இந்த வித்தியாசத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம், ஏனென்றால் ஆய்வின் நேர்மையே அந்த இடைவெளியை எழுதி வைத்ததில்தான் இருக்கிறது.

அதே கட்டுரையில் இரண்டாவது கணக்கு ஒன்று இருக்கிறது. எச்டிஎல்லைத் தொடும் 14 மாறுபாடுகளைச் சேர்த்து ஒரு மதிப்பெண் போட்டார்கள். மரபு வழியாக எச்டிஎல் ஒரு திட்ட விலக்கம் (மக்களிடையே வழக்கமாக உள்ள பரவலின் அளவு) ஏறினால் மாரடைப்பின் முரண் விகிதம் 0.93, இடைவெளி 0.68 முதல் 1.26. தொடர்நோக்கு ஆய்வுகள் சொன்னது 0.62. பக்கத்திலேயே எல்டிஎல்லுக்கும் இதே மாதிரி போட்டார்கள்: மரபு வழியில் 2.13, இடைவெளி 1.69 முதல் 2.69, தொடர்நோக்கில் 1.54.

இந்த எல்டிஎல் வரிதான் முழு வாதத்தையும் தாங்கி நிற்கிறது. முறையே பலவீனமானது, அதனால்தான் எச்டிஎல்லில் எதுவும் வரவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி, அதே முறை, அதே வகைத் தரவு, எல்டிஎல் என்று வரும்போது ஓங்கிச் சொல்கிறது. தொடர்நோக்கில் வந்ததைவிட மரபு வழியில் எண் பெரிதாக இருப்பதும் இயல்புதான்: பிறந்ததிலிருந்து வாழ்நாள் முழுக்க எல்டிஎல் கூடுதலாக இருப்பதற்கும் நடுவயதில் ஒருமுறை அளந்து பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

185 மாறுபாடுகள், மூன்று கொழுப்புகள், ஒரு ரிக்ரஷன்

எல்ஐபிஜி போலச் சுத்தமான மாறுபாடு எல்லாப் பண்புக்கும் கிடைக்காது. கிடைப்பவை கலந்து தொடுபவைதான். அப்படியானால் கலப்பை ஒதுக்காமல், அதையே கணக்குக்குள் கொண்டுவந்தால் என்ன? 2013இல் உலகளாவிய கொழுப்பு மரபியல் கூட்டமைப்பு 188,577 பேரின் தரவிலிருந்து 157 மரபணு இடங்களை வெளியிட்டது. அதே நேரத்தில் ரான் டோ முதலானோர் அந்தத் தரவிலிருந்து 185 மாறுபாடுகளை எடுத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்தார்கள்.

ஒரு பெரிய அட்டவணையை மனதில் கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசையும் ஒரு மாறுபாடு. முதல் பத்தியில் அது எல்டிஎல்லை எவ்வளவு மாற்றுகிறது, அடுத்ததில் எச்டிஎல்லை எவ்வளவு, அடுத்ததில் டிரைகிளிசரைடை எவ்வளவு, கடைசிப் பத்தியில் அதே மாறுபாடு இதய நோயின் முரண் விகித மடக்கையை எவ்வளவு மாற்றுகிறது. கடைசிப் பத்தியை முதல் மூன்றின் மேல் ரிக்ரஷன் செய்கிறோம். கோடு மூலப்புள்ளி வழியாகப் போக வேண்டும், ஏனென்றால் எந்தக் கொழுப்பையும் மாற்றாத மாறுபாட்டுக்கு நோயிலும் விளைவு இருக்கக்கூடாது. துல்லியமாக அளக்கப்பட்ட வரிசைகளுக்கு அதிக எடை. வருகிற மூன்று குணகங்களும் மற்ற இரண்டையும் நிலையாக வைத்தால் இந்தக் கொழுப்பின் நேரடி விளைவு எவ்வளவு என்பதைச் சொல்கின்றன. பல்மாறி மெண்டலியன் ரேண்டமைசேஷன் என்று ஸ்டீபன் பர்கெஸும் சைமன் தாம்சனும் 2015இல் இதை முறைப்படுத்தினார்கள்.

தனித்தனியே பார்த்தபோது எச்டிஎல்லும் பாதுகாப்பு தருவது போலத்தான் தெரிந்தது. மூன்றையும் சேர்த்துப் போட்டதும் எல்டிஎல் அப்படியே நின்றது, டிரைகிளிசரைடும் தன் பங்கைத் தக்கவைத்தது, எச்டிஎல்லின் பங்கு பெரிதும் சுருங்கிவிட்டது. முன்னால் சொன்ன ஆடும் அளவீட்டுப் பிரச்சினையை நினைத்துப் பாருங்கள்: டிரைகிளிசரைடுக்குச் சேர வேண்டிய பெயரை இத்தனை காலம் எச்டிஎல் வாங்கிக்கொண்டிருந்தது என்று படிப்பதுதான் இந்த முடிவுக்குப் பொருத்தமான வாசிப்பு என்று நினைக்கிறேன்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. மூன்று பத்திகளும் ஒன்றோடொன்று அதிகமாக ஒட்டிப்போனால் ரிக்ரஷனால் பிரிக்க முடியாது. ஒவ்வொரு கொழுப்புக்கும் தனியாக வலுவான கருவிகள், அதாவது அதை அசைக்கும் மாறுபாடுகள், இருப்பது போலத் தெரியும், ஆனால் மற்றவற்றைக் கழித்த பின் மிஞ்சுகிற வலு சொற்பமாக இருக்கும். அதனால் கருவியின் வலுவை அளக்கும் சாதாரண எஃப் மதிப்பைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடக்கூடாது, மற்றவற்றைக் கழித்த பிறகான நிபந்தனை எஃப் மதிப்பைக் காட்ட வேண்டும். அது குறைவாக இருந்தால், எந்தக் குணகம் எந்தப் பக்கம் சாயும் என்பதையே முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒற்றைக் கருவி முறையில் பலவீனம் என்றால், இரண்டு தரவுத்தொகுப்புகளில் தனித்தனி ஆட்கள் இருக்கும்வரை, முடிவு பூஜ்யத்தை நோக்கித்தான் சாயும். பல்மாறியில் அந்த உத்தரவாதம் கிடையாது.

அளக்காத பாதைகளுக்கு என்ன வழி

மூன்று கொழுப்புகளை அளந்துவிட்டோம், சரி. நான்காவதாக நாம் அளக்காத ஒரு பாதை இருந்தால்? 2015இல் வந்த எம்ஆர்-எகர் முறை (எம்ஆர் என்பது மெண்டலியன் ரேண்டமைசேஷனின் சுருக்கம்) மூலப்புள்ளி வழியாகப் போக வேண்டும் என்ற கட்டாயத்தைத் தளர்த்துகிறது. வெட்டுத்துண்டு, அதாவது கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம், பூஜ்யத்திலிருந்து விலகினால், மாறுபாடுகள் சராசரியாக ஒரே பக்கமாக வேறு பாதையில் நோயைத் தள்ளுகின்றன என்று அர்த்தம். சாய்வு அந்தத் தள்ளலைக் கழித்த பிறகான விளைவு. ஆனால் இது ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: மாறுபாடு நேரடியாக நோயைத் தொடும் அளவும், அது எச்டிஎல்லைத் தொடும் அளவும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்க வேண்டும். கொழுப்புகளைப் பொறுத்தவரை இந்த நிபந்தனை எனக்குச் சந்தேகமாகவே படுகிறது, ஏனென்றால் எச்டிஎல்லை வலுவாகத் தொடும் மரபணுக்கள் டிரைகிளிசரைடையும் வலுவாகத் தொடுவது இங்கே வழக்கம். எகரின் நம்பிக்கை இடைவெளியும் மிக அகலம். எடையிட்ட இடைநிலை முறை, எடையில் பாதியாவது நேர்மையான மாறுபாடுகளிடமிருந்து வந்தால் போதும் என்கிறது, நடைமுறையில் அதை நான் அதிகம் மதிக்கிறேன். மூன்று நான்கு முறைகளும் ஒரே பக்கம் காட்டுகின்றன என்று எழுதிவிட்டு முடித்துக்கொள்வது பரவலாக இருக்கிறது. எல்லா முறைகளும் ஒரே தரவைத் தின்கின்றன என்பதால் அந்த ஒற்றுமைக்கு நாம் நினைக்கிற அளவு எடை கிடையாது.

சிஇடிபி மரபணுவும் அந்த ரத்த அழுத்தமும்

பல பண்புகளைச் சேர்த்துப் பார்ப்பதன் அழகு எனக்கு மிக நன்றாகத் தெரிகிற இடம் இது. டோர்செட்ராபிப் ரத்த அழுத்தத்தை 5.4 ஏற்றியது. அது சிஇடிபியைத் தடுத்ததன் விளைவா, அல்லது அந்த மூலக்கூறு வேறெங்கோ செய்த வேலையா? முதலாவது என்றால் இந்த வகை மருந்துகள் எல்லாமே அபாயம், இரண்டாவது என்றால் அடுத்த மூலக்கூறை முயலலாம். சிஇடிபி மரபணுவிலேயே அதன் செயலைக் குறைக்கும் மாறுபாடுகள் இருக்கின்றன. 2010இல் அந்த மாறுபாடுகளைப் பல பண்புகளோடு வரிசையாக ஒப்பிட்டார்கள். எச்டிஎல் ஏறுகிறது, எல்டிஎல் இறங்குகிறது, கொழுப்புகளின் மாற்றமெல்லாம் மருந்து காட்டிய அதே திசையில். ரத்த அழுத்தத்தில் மட்டும் எதுவும் இல்லை. ஆக அழுத்தம் ஏறியது இலக்கின் குற்றம் இல்லை, அந்த மூலக்கூறின் குற்றம். பின்னால் வந்த மருந்துகளில் அந்த அளவு அழுத்தப் பிரச்சினை வராதது இதோடு பொருந்துகிறது.

ஆனால் இதே மரபணு ஏமாற்றவும் செய்யும். சிஇடிபி மாறுபாடுகள் எச்டிஎல்லை ஏற்றுகின்றன, அவற்றைச் சுமப்பவர்களுக்கு இதய நோய் சற்றுக் குறைவாகவும் இருக்கிறது. இரண்டையும் வகுத்து விகிதம் எடுத்தால் "எச்டிஎல் பாதுகாக்கிறது" என்றே வரும். எல்டிஎல் பத்தியைப் பக்கத்தில் வைத்தால்தான் அந்தக் குறைவு அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது தெரியும். இப்போது அனாசெட்ராபிப்பின் 9 சதவீதத்தை எடுங்கள். அந்த மருந்து எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ராலை லிட்டருக்கு சுமார் 0.44 மில்லிமோல் குறைத்தது. எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளின் சோதனைகளைச் சேர்த்துச் செய்த கூட்டுப்பகுப்பாய்வு 2010இல் சொன்னது, எல்டிஎல் 1 மில்லிமோல் குறைந்தால் ரத்தக்குழாய் நிகழ்வுகள் 22 சதவீதம் குறையும் என்று. 0.78ஐ 0.44 அடுக்குக்கு ஏற்றினால் ஏறக்குறைய 0.90 வருகிறது, அதாவது சுமார் 10 சதவீதக் குறைவு. கிடைத்தது 9. எச்டிஎல் இரண்டு மடங்கானதற்கு இந்தக் கணக்கில் எந்த வேலையும் மிச்சமில்லை.

பக்கவாட்டில் இருக்கும் மற்ற முறைகள்

இரண்டு பண்புகளின் சிகரங்கள் (தொடர்பு மிக வலுவாகத் தெரியும் இடங்கள்) ஒரே மரபணு இடத்தில் தெரிகின்றன என்றால் காரணமான மாறுபாடு ஒன்றுதான் என்று அர்த்தமில்லை. பக்கத்துப் பக்கத்து மாறுபாடுகள் சேர்ந்தே கடத்தப்படுவதால், இரண்டு வெவ்வேறு மாறுபாடுகள் தனித்தனிப் பண்புகளைத் தொட்டுக்கொண்டு ஒரே சிகரம் போலத் தெரியலாம். 2014இல் வந்த கோலாக் முறை இதற்காகத்தான். ஐந்து கருதுகோள்களுக்கும் பின்நிகழ்தகவு (தரவைப் பார்த்த பிறகான நிகழ்தகவு) தருகிறது: இரண்டு பண்புகளுக்கும் எதுவும் இல்லை, முதலாவதுக்கு மட்டும், இரண்டாவதுக்கு மட்டும், இரண்டுக்கும் உண்டு ஆனால் மாறுபாடு வேறு வேறு, இரண்டுக்கும் ஒன்றே. முதல் குரோமோசோமில் எஸ்ஓஆர்டி1 இருக்கும் இடம் இதற்கு நல்ல உதாரணம். அங்கே எல்டிஎல், மாரடைப்பு, கல்லீரலில் அந்த மரபணு வெளிப்படும் அளவு மூன்றும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. 2010இல் அது ஆய்வகத்திலும் உறுதியானது: ஒற்றை எழுத்து மாற்றம் ஒரு புரதம் வந்து ஒட்டும் இடத்தை உருவாக்குகிறது, கல்லீரலில் எஸ்ஓஆர்டி1 கூடுகிறது, எல்டிஎல் குறைகிறது. கோலாக் நடைமுறையில் தடுமாறுவது ஒரே இடத்தில் இரண்டு மூன்று காரண மாறுபாடுகள் இருக்கும்போது. அதன் அடிப்படை வடிவம் ஒன்றுதான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது.

மரபு ஒட்டுறவு வேறு கேள்வி கேட்கிறது. மரபணுத்தொகை முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு பண்புகளின் விளைவுகள் ஒரே திசையில் போகின்றனவா என்று. 2015இல் வந்த எல்டி ஸ்கோர் ரிக்ரஷன் இதைச் சுருக்கத் தரவிலிருந்தே (ஆட்களின் தனித் தரவு இல்லாமல், ஒவ்வொரு மாறுபாட்டின் விளைவு மட்டும் உள்ள பட்டியலிலிருந்தே) கணிக்கிறது, இரண்டு ஆய்வுகளிலும் ஒரே ஆட்கள் இருந்தாலும் கெடுவதில்லை. எச்டிஎல்லுக்கும் இதய நோய்க்கும் எதிர்மறையான மரபு ஒட்டுறவு தெளிவாகவே இருக்கிறது! எச்டிஎல் காரணமல்ல என்று இவ்வளவு நேரம் பேசிய பிறகும் அது இருக்கிறது, இருக்கத்தான் செய்யும், ஏனென்றால் டிரைகிளிசரைடு, உடல் எடை, இன்சுலின் எதிர்ப்பு எல்லாம் இரண்டையும் சேர்த்து இழுக்கின்றன. ஒட்டுறவு காரணத்தைச் சொல்லாது என்ற பழைய பாடம் மரபணு அளவிலும் அப்படியே பொருந்தும். எம்டாக் என்ற 2018 முறை, ஒட்டுறவுள்ள பண்புகளைச் சேர்த்துப் பகுத்து ஒவ்வொன்றிலும் கண்டுபிடிப்புத் திறனைக் கூட்டுகிறது. கண்டுபிடிக்க நல்லது. ஆனால் எச்டிஎல்லையும் டிரைகிளிசரைடையும் எம்டாக்கில் சேர்த்து எடுத்த எண்களை அப்படியே மெண்டலியன் ரேண்டமைசேஷனுக்குள் கருவியாகப் போடக்கூடாது, ஏனென்றால் எச்டிஎல் எண்ணுக்குள் டிரைகிளிசரைடின் தகவல் ஏற்கெனவே கலந்துவிட்டது. பிரிக்க நினைத்த ஒன்றைக் கலந்துவிட்டுப் பிரிப்பதில் பொருளில்லை.

இன்னொரு பொறி: எச்டிஎல் தொடர்பாய்வில் உடல் எடையை மாறியாகச் சேர்த்துச் சரிக்கட்டுவது. உடல் எடையும் மரபில் வருவது, எச்டிஎல்லோடு பொதுக் காரணங்களைப் பகிர்வது. அதைச் சரிக்கட்டினால், உடல் எடையை மட்டும் தொடும் மாறுபாடு ஒன்று எச்டிஎல்லையும் அதே திசையில் தொடுவது போலப் போலித் தொடர்பு முளைக்கும். 2015இலேயே இதைக் கணக்கோடு காட்டிவிட்டார்கள். பொதுவெளியில் கிடைக்கும் சுருக்கத் தரவை இறக்கி வைத்துக்கொண்டு வேலை செய்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தரவு எதற்கெல்லாம் சரிக்கட்டப்பட்டது என்ற குறிப்பைத்தான். பங்கேற்பாளர் தேர்விலும் இதே சிக்கல் ஒளிந்திருக்கிறது. சுமார் ஐந்து லட்சம் பேரின் ஆரோக்கிய, மரபணுத் தரவு உள்ள பிரிட்டன் திட்டமான யுகே பயோபேங்கில் அழைக்கப்பட்டவர்களில் 5.5 சதவீதம் பேர்தான் சேர்ந்தார்கள், சேர்ந்தவர்கள் பொது மக்களைவிட ஆரோக்கியமானவர்கள்.

ஒரு மாறுபாட்டை எடுத்து ஆயிரம் பண்புகளோடு ஓட்டிப் பார்க்கும் ஃபீவாஸ் 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது. சிஇடிபியில் ரத்த அழுத்தத்தைத் தேடியது போன்ற கேள்விகளை இது பரவலாக்குகிறது. ஒரு மாறுபாட்டுக்கு ஆயிரம் பண்புகள் என்றால் தொடர்பு உண்டு என்று ஏற்கும் பி மதிப்பின் வாசலை 0.05ஐ ஆயிரத்தால் வகுத்து வைக்கலாம். பண்புகள் ஒன்றோடொன்று ஒட்டியவை என்பதால் அது தேவைக்கு மேல் கடுமையான வாசல். அதில் தேறாதது "தொடர்பு இல்லை" என்று ஆகிவிடாது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

எச்டிஎல் பக்கமிருந்து வந்த மற்ற சாட்சிகள்

ஏபிசிஏ1 மரபணு பழுதானவர்களுக்கு வாழ்நாள் முழுக்க எச்டிஎல் குறைவு. கோபன்ஹேகனில் 2008இல் பார்த்தபோது அவர்களுக்கு இதய நோய் அதிகமாக இல்லை. எஸ்சிஏஆர்பி1 மரபணு, கல்லீரலில் எச்டிஎல்லை வாங்கிக்கொள்ளும் ஏற்பியைத் தருவது. அதன் 376ஆவது இடத்தில் மாற்றம் உள்ளவர்களுக்கு எச்டிஎல் மிக அதிகம், ஆனால் 2016 ஆய்வின்படி அவர்களுக்கு இதய நோயும் அதிகம். இறக்குமிடம் அடைபட்டதால் ரத்தத்தில் தேங்கிய எச்டிஎல் அது. ரத்தத்தில் அளக்கிற கொலஸ்ட்ரால் அளவும், எச்டிஎல் துகள் செய்கிற வேலையும் ஒன்றல்ல என்று இந்த இரண்டு மரபணுக்களும் எதிரெதிர்ப் பக்கமிருந்து காட்டுகின்றன. 185 மாறுபாட்டு ரிக்ரஷன் தராத தகவல் இது. சராசரி எடுக்கும் எந்த முறையும் தராது. அதனால்தான் பெரிய கூட்டுக் கணக்கைப் போட்ட பிறகும் உயிரியல் தெரிந்த ஒற்றை மரபணுக்களைத் தனித்தனியே திறந்து பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

அடுத்த கட்டத்தில் அபோலிப்போபுரோட்டீன் பி வந்தது. எல்டிஎல் துகளிலும் டிரைகிளிசரைடு சுமக்கும் துகள்களிலும் துகளுக்கு ஒன்று வீதம் இருப்பது இது. ஆக இதை அளந்தால் துகள்களின் எண்ணிக்கை கிடைக்கும். 2020இல் யுகே பயோபேங்க் தரவில் எல்டிஎல், டிரைகிளிசரைடு, அபோ-பி மூன்றையும் ஒரே பல்மாறிக் கணக்கில் போட்டபோது நிலைத்து நின்றது அபோ-பிதான். 2013இல் டிரைகிளிசரைடு தக்கவைத்த பங்கும் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடுகிறது. எல்டிஎல் கொலஸ்ட்ராலும் அபோ-பியும் மிக நெருக்கமாக ஒட்டியவை என்பதால் முன்னால் சொன்ன நிபந்தனை வலு இங்கே குறைகிறது, எல்டிஎல்லின் எண்ணை அந்தக் கணக்கிலிருந்து தனியே பெயர்த்தெடுத்துப் பேசக்கூடாது. ஆனால் திசை தெளிவு, 2017இல் சிஇடிபி மாறுபாடுகளை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வும் பலன் அபோ-பி குறைவதற்கு ஏற்பவே வருகிறது என்றுதான் சொன்னது.

சிஇடிபி மருந்துகள் இதோடு செத்துவிடவில்லை. ஓபிசெட்ராபிப் என்ற புதிய மூலக்கூறு இப்போது சோதனையில் இருக்கிறது, இந்த முறை எச்டிஎல்லை ஏற்றுவதற்காக அல்ல, எல்டிஎல்லை இறக்குவதற்காக. எல்டிஎல் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவதாக வந்துவிட்டது. மாரடைப்பு குறைகிறதா என்று பார்க்கும் பெரிய சோதனை 9,500க்கும் மேற்பட்டவர்களிடம் நடக்கிறது. அதில் அபோ-பி எவ்வளவு குறைந்தது என்ற எண் வந்ததும், 0.78ஐ வைத்து மேலே போட்டது போல ஒரு கணக்கை முன்கூட்டியே போட்டு வைத்து, வருகிற ஆபத்து விகிதத்தோடு ஒப்பிட வேண்டும்.